பத்தொன்பது குறையும் ஒரு பாராட்டும்

தலைநகரம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க ஒரு தலைக்கு முப்பது. ஆறு, இரும்புப் பாலம், சட்டசபையின் உருண்டைக் கூரை, ஊருக்கு வெளியே நீலமாகத் தெரியும் மலை, நாலு பக்கமும் வானம் எல்லாம் அதில் அடக்கம். கேமராவுக்குத் தனியாகப் பத்து.

மணிக்கூண்டின் டிக்கெட் ஜன்னலில் எழுதிப் போட்டிருந்த இந்த விலையைப் பூட்டுக்கடைக்காரர் இரண்டு முறை படித்தார். பிறகு ஜன்னல் கம்பிக்கு நேராகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"மூணு பேர் வந்திருக்கோம்மா. தூரத்துல இருந்து வர்றோம். எழுபத்தஞ்சுன்னு போட்டுக்குங்களேன்."

உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "தொண்ணூறு சார்."

"வானம் மேகமா இருக்கு. மலை சரியாத் தெரியாது."

"மலைக்கு நாங்க காசு வாங்கறதில்ல சார். படிக்கட்டுக்குத்தான்."

பின்னால் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வீட்டில் வைத்த பேர் ஒன்று இருந்தாலும் எல்லோரும் கூப்பிடுவது வாலு என்றுதான். அவளுக்குப் பக்கத்தில் நின்ற அத்தை, அதாவது பூட்டுக்கடைக்காரரின் தங்கை, சிரிக்கவில்லை. அவளுக்கு இன்றைக்குச் சிரிக்க நேரமில்லை.

சென்ற வாரம் இவர்களை ஒரு தர்மசங்கடத்தில் விட்டுவிட்டு வந்தோம். நாலங்குலக் கீல் பெட்டிக்குள் கீலுக்குப் பதிலாகப் பதினோரு கடிதங்கள் இருந்ததை அண்ணன் கண்டுபிடித்தார். அத்தனையும் தங்கைக்கு வந்தவை. எழுதியவர் தலைநகரில் வெளியூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி. எட்டு மாதத்துக்கு முன் ஒரு பழைய மாடல் பூட்டுக்குச் சாவி தேடிக் கடைக்கு வந்தவர், தங்கை சொன்ன முதல் விலையை அப்படியே எண்ணி வைத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். பேரம் பேசாத ஓர் ஆண்பிள்ளையைத் தன் நாற்பத்தொரு வயதில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள் அவள். மிச்சத்தைத் தபால்காரர் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் கத்துவார் என்று வீடே காதைப் பொத்திக்கொண்டு நின்றது. அவர் கத்தவில்லை. கடிதங்களை அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, தங்கை கையிலேயே கொடுத்தார்.

"ஊரைச் சுத்திக் காட்டறவர்தானே? ஞாயித்துக்கிழமை நமக்கும் காட்டட்டும். ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும், ஆளையும் பார்த்த மாதிரி இருக்கும். சாயங்காலம் அஞ்சரை பஸ்ல ஏறுறதுக்குள்ள என் முடிவைச் சொல்லிடறேன் பாப்பா."

ஆகவே அண்ணி கல்லாவில் உட்கார்ந்திருக்க, இவர்கள் மூவரும் இங்கே.

கடைச் சட்டம் ஒன்றை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கப் போனால், பிடித்த சரக்கைத்தான் அண்ணன் திட்டுவார். பித்தளை மெல்லிசு, பாலிஷ் போதாது, கொண்டி இழுக்கிறது என்று மூச்சு விடாமல் குறை சொல்லுவார். பிடிக்காத சரக்கையோ தூக்கி வைத்துப் புகழுவார். "அருமையான பொருள். நமக்குக் கொடுத்து வைக்கல" என்று கும்பிடு போட்டுவிட்டு விறுவிறுவென்று வெளியேறிவிடுவார்.

பிடித்ததற்கும் ஒரு வெளியேற்றம் உண்டு. எல்லாக் குறையும் சொல்லி முடித்ததும் "சரி, வேண்டாம்" என்று எழுந்து நடப்பார். தங்கை மட்டும் வியாபாரியின் பக்கத்திலேயே பின்தங்கி நிற்பாள். பத்தடிக்குள் அவள் குரல் வரும். "அண்ணா, ஒரு நிமிஷம். அவர் கடைசியா ஒரு விலை சொல்றாராம்." அண்ணன் வேண்டா வெறுப்பாகத் திரும்புவார். பத்தடி தாண்டித் தானாகத் திரும்பினால் மானம் போய்விடும். இருபது வருஷமாக அண்ணனும் தங்கையும் ஆடிவரும் ஆட்டம் இது. ஒரு முறைகூட அவள் குரல் பதினோராவது அடியில் வந்ததில்லை.

தங்கையைப் பார்க்க இதுவரை வந்த நாலு மாப்பிள்ளைகளையும் அண்ணன் வாயாரப் புகழ்ந்துதான் வழியனுப்பினார்.

வீட்டில் எல்லோருக்கும் இது தண்ணிபட்ட பாடு. அதனாலேயே, பதினோரு கடிதத்துக்குப் பதினோரு பதில் எழுதிய தங்கைக்கு, இதை வழிகாட்டியிடம் ஒரு வரி சொல்லிவைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் என்பது அவள் நினைப்பு.

வழிகாட்டி மணிக்கூண்டு வாசலில் மஞ்சள் குடையோடு காத்திருந்தார். வெயிலுமில்லை, மழையுமில்லை, கூட்டத்தில் ஆட்கள் தொலைந்துபோகாமல் இருக்கத் தூக்கிப் பிடிப்பதற்காக அந்தக் குடை. நாற்பத்தாறு வயது. ஊரை மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்ததிலேயே கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரமில்லாமல் போனவர். எட்டு இடங்கள் எழுதிய பட்டியலை அச்சடித்து வைத்திருந்தார், ஆளுக்கொன்று.

"வாங்க சார், வாங்க. பஸ்ல நல்லா உட்கார இடம் கிடைச்சுதா? இந்த மணிக்கூண்டு..."

பேசிக்கொண்டே நடந்தார், பின்பக்கமாக. முகம் இவர்களைப் பார்த்தபடி இருக்க, கால் மட்டும் படிக்கட்டை நோக்கிப் போனது. இருபத்திரண்டு வருஷத் தொழில் பழக்கம். ஒரு தூண், இரண்டு குப்பைத்தொட்டி, ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றையும் முதுகாலேயே பார்த்து ஒதுங்கினார்.

"இது என்ன நடை?" என்றார் அண்ணன். "போற வழியைப் பார்க்காத மனுஷன்."

வாலு கைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தாள். காலையில் பஸ்ஸிலேயே இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தாள். ஒன்றில் 'குறை', மற்றதில் 'பாராட்டு'. முதல் கட்டத்தில் ஒரு கோடு.

"அத்தை, போணி ஆயிடுச்சு."

தங்கையின் முகம் மலர்ந்தது.

நூற்றுத் தொண்ணூறு படி ஏறி முடிப்பதற்குள் குடையின் நிறம், சட்டைப் பையில் குத்தியிருந்த மூன்று பேனா, படியேறும்போது வாங்கும் மூச்சு எல்லாம் நோட்டுக்குள் வந்துவிட்டன. சட்டசபை வாசலில் குரல் சத்தம் அதிகம் என்றார் அண்ணன். கொஞ்சம் தாழ்த்தியதும், காதில் விழவில்லை என்றார். அதை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாக எண்ணுவதா என்று வாலு கேட்டதற்கு, "தனித்தனியா போடு" என்று அத்தை ரகசியமாகச் சொன்னாள்.

மூன்றாவது இடம் பழைய சிறைச்சாலை. இப்போது கைதிகள் இல்லை. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியேயும் வரலாம். அண்ணனுக்கு அங்கே கண் இரண்டும் விரிந்துவிட்டது. இத்தனை பூட்டை ஒரே இடத்தில் அவர் தன் கடைக்கு வெளியே பார்த்ததில்லை. ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, பூட்டைத் தூக்கி, ஆட்டி, காதோடு வைத்துக் கேட்டார்.

"இந்தப் பூட்டு இருநூறு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது" என்றார் வழிகாட்டி.

"யார் சொன்னா? நூத்திருபதுக்கு மேல ஒரு நாள் இருக்காது. சாவித் துவாரத்துக்கு மூடி வெச்சிருக்கான் பாருங்க. அந்தக் காலத்துல ஏது மூடி?"

வழிகாட்டி குனிந்து, தன் சாவிக்கொத்தால் அந்த மூடியைத் தள்ளிப் பார்த்தார். மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதிக்கொண்டார். "நன்றி சார். நாளையில இருந்து சரியாச் சொல்லிடறேன்."

"இத்தனை நாளா?"

"இருபத்திரெண்டு வருஷமா இருநூறுன்னுதான் சார் சொல்லிட்டிருக்கேன்."

"இருபத்திரெண்டு வருஷமா ஒரே தப்பு! இந்த மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்ல."

வாலு ஒன்பதாவது கோட்டைப் போட்டாள். சிறைச்சாலையில் அவ்வளவு சந்தோஷமாக நடந்துபோன பெண்பிள்ளை அவள் அத்தையாகத்தான் இருக்கும்.

இரும்புப் பாலம் முடிந்து மத்தியானச் சாப்பாடு. அண்ணனும் வாலுவும் கை கழுவப் போன நேரத்தில், வழிகாட்டி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு என்னைச் சுத்தமாப் பிடிக்கலைங்க."

"யார் சொன்னது? எல்லாம் நல்லாத்தானே போகுது!"

"நல்லாவா? என் செருப்பைச் சொன்னார். என் பேனாவைச் சொன்னார். பாலத்து மேல என் காது ரெண்டும் ஒரே அளவா இல்லைன்னுட்டார்."

"காதையா?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "காது வரைக்கும் பார்த்துட்டாரா! நீங்க நிம்மதியாச் சாப்பிடுங்க. சாயங்காலத்துக்குள்ள இருபதைத் தாண்டிடும்."

வழிகாட்டிக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு நல்ல பெண்மணி தன்னை எப்படியெல்லாம் தேற்றுகிறாள் என்று நினைத்து அவளை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

அருங்காட்சியகத்தில்தான் எல்லாம் தலைகீழாயிற்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிரீடம் ஒன்று இருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்தது. சுற்றிலும் கூட்டம். முன்னால் நின்ற ஒரு வயதான தம்பதி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் குடையையும் பட்டியலையும் பார்த்துவிட்டு வழிகாட்டியிடம் கேட்டாள். "ஏங்க, இது நிஜமாவே ராஜா தலையில வெச்சதுதானே?"

"இல்லைங்கம்மா. அசல் பெட்டகத்துல பத்திரமா இருக்கு. இது நகல். கல்லெல்லாம் கண்ணாடி."

அந்த அம்மாளின் முகம் கொஞ்சம் வாடியது. வழிகாட்டி உடனே, "ஆனா வேலைப்பாட்டைப் பாருங்க. நிஜக் கல்லு மாதிரியே தெரியற அளவுக்குக் கண்ணாடியைப் பட்டை தீட்டறது லேசான வேலை இல்ல" என்று தொடங்கி, பத்து நிமிஷம் விளக்கினார். தம்பதி முன்னைவிட சந்தோஷமாகவே நகர்ந்தார்கள்.

அதுவரை பதினேழு குறை சொல்லியிருந்த அண்ணன், வழிகாட்டியின் தோளைத் தொட்டார்.

"நகல்னு எங்கேயும் எழுதிப் போடலையே. அவங்க நம்ம கூட வந்தவங்களும் இல்ல. ஆமான்னு தலையாட்டியிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"கேட்டாங்களே சார்" என்றார் வழிகாட்டி. வேறு காரணம் எதுவும் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் கிரீடத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கிரீடத்தைப் பார்த்தார்.

"நீங்க நல்ல மனுஷன்" என்றார்.

வாலுவின் பேனா நோட்டில் பட்டு அப்படியே நின்றது. தங்கைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்திலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். முந்தைய நாலு பேரும் நல்ல மனிதர்கள்தான். நாலு பேருக்கும் வாசல் வரை வந்து கை குலுக்கினார் அண்ணன்.

"அத்தை," என்றாள் வாலு மெல்ல, "இதை எந்தக் கட்டத்துல போடறது?"

"அது பாராட்டு. அங்கேதான் போடணும்."

குரல் கல்லாய் இருந்தது. இரண்டாவது கட்டத்தில் முதல் கோடு விழுந்தது.

அதன்பிறகு நடந்ததைப் பார்க்க டிக்கெட் போட்டே வசூல் செய்திருக்கலாம். காலையெல்லாம் கூனிக் குறுகி நடந்த வழிகாட்டி, இப்போது நெஞ்சை நிமிர்த்தி, முன்னைவிட வேகமாகப் பின்பக்கம் நடந்தார். தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் ஒவ்வொரு செடிக்கும் பேர் சொன்னார். பேர் தெரியாத செடிகளுக்கும் மரியாதையாக வணக்கம் வைத்தார். நாலு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். காலையெல்லாம் பூரித்து நடந்த தங்கையோ, ஐஸ்கிரீம் கையில் உருகி வழிவதுகூடத் தெரியாமல் நடந்தாள். அண்ணனிடமிருந்து குறையே வரவில்லை. ஒரு குறை, பேருக்கு ஒரே ஒரு குறை சொல்லமாட்டாரா என்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இவர் செடிக்கெல்லாம் வணக்கம் வைக்கிறார், பார்த்தீங்களா?" என்று எடுத்தும் கொடுத்தாள்.

"வைக்கட்டும். நல்லதுதானே" என்றார் அண்ணன்.

போயிற்று என்று நினைத்தாள்.

வாலு வழிகாட்டியின் பக்கத்தில் போய் நடந்தாள். "ஏன் மாமா, பட்டியல்ல எட்டாவதா உங்க வீடுன்னு போட்டிருக்கே, எப்ப போறோம்?"

மாமா என்றதும் அவருக்குக் கால் ஒரு நிமிஷம் தடுமாறியது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு குப்பைத்தொட்டியில் இடித்துக்கொண்டார்.

"எட்டாவதா... ஏழாவது ஏரிக்கரை. எட்டாவது நம்ம வீட்டுல காபி. ஆனா இன்னிக்கு வேண்டாம்மா. வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்க. அடுத்த தடவை."

சொல்லும்போது அவர் கை சட்டைப் பைக்குள் போய் எதையோ இறுக்கிப் பிடித்ததை வாலு பார்த்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணனும் திரும்பிப் பார்த்தார். அவர் கண் அந்தப் பையிலேயே ஒரு நிமிஷம் நின்றது.

ஏரிக்கரை பெஞ்சில் மணி ஐந்து. பஸ் நிலையத்துக்குப் போக இருபது நிமிஷம் ஆகும். தண்ணீரில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. அண்ணன் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"சரி. நாங்க கிளம்பறோம்."

"ரொம்ப சந்தோஷம் சார்!" வழிகாட்டியும் எழுந்தார்.

அண்ணன் ஒரு நொடி நின்றார். எதிரே நிற்பவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிறவர் மாதிரி. வழிகாட்டி சொன்னார்.

"பெரிய ரோட்டுல போகாதீங்க சார், சுத்து. இந்தத் தபாலாபீஸ் பக்கத்துச் சந்துல நுழைஞ்சு இடது பக்கம் திரும்பினா, நேரா பஸ் ஸ்டாண்டு வாசல். எட்டு நிமிஷம் மிச்சம்!"

அண்ணன் திரும்பி நடந்தார். வாலு கூடவே போனாள். இருபது வருஷப் பழக்கம் தங்கையின் காலைக் கட்டிப் போட்டது. நின்ற இடத்திலேயே நின்றாள், வழிகாட்டியின் பக்கத்தில். குரல் மட்டும் வரவில்லை. வேண்டாமென்று வைத்த சரக்குக்கு எதற்குக் குரல்?

ஒன்று. இரண்டு. வாலு வாய்க்குள் எண்ணினாள்.

மூன்று. நாலு. வழிகாட்டி குடையை உயர்த்தி ஆட்டினார். "இடது பக்கம் சார்! வலது பக்கம் போனா மீன் மார்க்கெட்!"

ஐந்து. அப்போதுதான் வாலுவுக்கு உறைத்தது. அப்பாவின் கூடவே நடந்தும் அவள்தான் முந்திப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவின் அடி சுருங்கிக்கொண்டே வந்தது. ஆறாவது அடி ஒரு முழம்கூட இல்லை. ஏழாவது ஒரு சாண். எதிர்க்காற்றில் நடக்கிறவர் மாதிரி அவர் காற்றில்லாத ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தார்.

வேண்டாத சரக்கை விட்டு வரும்போது அப்பா இப்படி நடந்ததே இல்லை.

வாலு திரும்பி, அத்தையைப் பார்த்து, அப்பாவின் காலைக் கை நீட்டிக் காட்டினாள். பிறகு எட்டு விரலை விரித்துக் காட்டினாள்.

தங்கை அண்ணனின் முதுகைப் பார்த்தாள். இருபது வருஷமாகப் பார்த்துவரும் முதுகு. அது விறுவிறுவென்று போகவில்லை. காதைப் பின்னால் வைத்துக்கொண்டு காத்திருக்கும் முதுகு அது.

ஒன்பது.

"அண்ணா, ஒரு நிமிஷம்!" ஏரியில் இருந்த வாத்துகள்கூடத் திரும்பிப் பார்த்தன. "இவர் கடைசியா ஒண்ணு சொல்றாராம்!"

"நானா?" என்றார் வழிகாட்டி. "நான் என்ன சொல்லணும்?"

அண்ணன் பத்தாவது அடியை எடுத்து வைக்கவில்லை. வேண்டா வெறுப்பாகத் திரும்பினார். ஆனால் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்தால் வேண்டா வெறுப்பு கொஞ்சம் பின்தங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன்யா," என்றார் மூச்சு வாங்க, "ஒரு மனுஷன் வேண்டாம்னு எழுந்து போறான். கூப்பிடமாட்டீங்களா? குறுக்கு வழி வேற சொல்லிக் குடுக்கறீங்க! கூப்பிடத் தெரியாத ஆளுக்கா என் தங்கச்சியைக் குடுக்கறது?"

"பதினெட்டு!" என்று கத்தினாள் வாலு. கத்திக்கொண்டே கோடு போட்டாள்.

"வேண்டாம்னு போனீங்களா?" வழிகாட்டிக்கு இப்போதுதான் முகம் வெளுத்தது. "நல்ல மனுஷன்னு சொன்னீங்களே சார்! நான் எல்லாம் முடிவாயிடுச்சுன்னு நினைச்சேன்!"

"அதைச் சொன்னதாலதான் நான் முடிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்" என்றாள் தங்கை. பிறகு அவள் கடைச் சட்டத்தை அவருக்குச் சொன்னாள். எட்டு மாதம் தாமதமாக, ஒரே மூச்சில். அவர் கேட்கக் கேட்க விரல் விட்டு எண்ணினார். பேனா, குடை, செருப்பு, காது...

"அப்போ காது?"

"பிடிச்சிருந்ததால."

"இருபத்திரெண்டு வருஷத் தப்பு?"

"ரொம்பப் பிடிச்சிருந்ததால."

வழிகாட்டி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். தங்கை அண்ணன் பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை.

"அப்புறம் எதுக்கு அவரை நல்ல மனுஷன்னு சொன்னீங்க? மத்தியானத்துல இருந்து என் உயிர் என்கிட்ட இல்ல!"

அண்ணன் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "வாய் தவறி வந்துடுச்சு பாப்பா. மனசுல தோணுச்சு, அப்படியே சொல்லிட்டேன். பழக்கமில்லாத வேலை."

"அப்புறம் ஏன் ஒரு குறைகூடச் சொல்லல? நான் எடுத்துக் குடுத்தும் சொல்லலையே?"

அவர் மெல்லத் திரும்பி ஏரியைப் பார்த்தார்.

"வேற யோசனையில இருந்தேன். இனிமே சரக்கு எடுக்கப் போனா, நான் எழுந்து நடக்கறப்போ யார் கூப்பிடுவா? திரும்பிப் பார்க்கவும் முடியாது, நிக்கவும் முடியாது. அப்படியே நடந்து நடந்து எந்த ஊருக்குப் போய்ச் சேர்றது நான்?"

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவளும் அந்தக் கடையில் வளர்ந்தவள்தான். அழுகை வந்தால் பேரத்தில் இறங்கிவிடுவாள்.

"கடையை விட்டுட்டுப் போறேன்னு நான் எப்பச் சொன்னேன்? மொத்தச் சரக்கு எடுக்க இந்த ஊருக்குத்தானே வர்றீங்க? வாரத்துல சில நாள் இங்கே, சில நாள் அங்கே."

"அஞ்சு நாள் கடைக்கு வரணும்" என்றார் அண்ணன் டக்கென்று, வழிகாட்டியைப் பார்த்து.

"சரிங்க சார்" என்றார் வழிகாட்டி.

"ஐயோ!" தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அஞ்சு கேட்டா ரெண்டுன்னு ஆரம்பிக்கணுங்க! சரின்னா எப்படி?"

"ரெண்டு சார்" என்றார் அவர் அவசரமாக.

"நாலு."

"நாலு சரி..." தங்கையின் முழங்கை விலாவில் பட்டது. "ரெண்டரை."

"மூணு. இதுக்கு மேல இறங்கினா எனக்குக் கட்டாது."

"மூணு" என்றாள் தங்கை. அவள் கையை நீட்டினாள். அண்ணன் பிடித்துக் குலுக்கினார். பிறகு, வழிகாட்டி நீட்டிய கையையும் பிடித்தார், அதைச் சீக்கிரம் விடவில்லை. கையைப் பிடித்தபடியே மகளிடம் சொன்னார்.

"பேரம் பேச சுத்தமாத் தெரியல. எழுதிக்க."

"பத்தொன்பது!"

பெரிய ரோட்டில் போயிருந்தால் பஸ் போயிருக்கும். சந்துக்குள் நாலு பேரும் ஓடினார்கள். வழிகாட்டி அப்போதும் முகத்தை இவர்கள் பக்கம் வைத்துக்கொண்டே ஓடினார். ஐந்தரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் தங்கை. வெளியே அவர், குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்குங்க. யார் கண்ணையாவது குத்திடப் போறீங்க."

வழிகாட்டி குடையை மடக்கினார். மாப்பிள்ளை என்ற சொல் போய்ச் சேர இரண்டு நொடி பிடித்தது. பிறகு மறுபடி விரித்துவிட்டார். பஸ் திரும்பும் வரை அந்த மஞ்சள் தெரிந்தது.

ஊர் எல்லை தாண்டியதும் வாலு நோட்டை மடியில் வைத்தாள். "அப்பா, கடைசியில குடையைச் சொன்னீங்களே, அது குறையா, அன்பா?"

"அதை விடு. கணக்கை முடி" என்றார் அவர் கண்ணை மூடிக்கொண்டே. பிறகு மூடிய கண்ணோடு, தங்கைக்குக் கேட்கிற மாதிரி மட்டும் பேசினார். "சிறைச்சாலையில அவர் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார் பாப்பா, அந்தப் பூட்டோட மூடியைத் தள்ளிப் பார்க்க. மூணு சாவி. ஒண்ணு நம்ம கடையில நீ குடுத்தது. ஒண்ணு சாதாரண அலமாரிச் சாவி. மூணாவது, வருஷக்கணக்கா மூடிக் கிடக்கிற இடத்துக்கு வெளியில இருந்து போடற பெரிய பூட்டோடது. உள்ளே ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு யாரும் அதைப் போடமாட்டாங்க. பெயிண்ட் அடிக்கிற வீட்டுக்கும் போடமாட்டாங்க. பெயிண்டுன்னு சொல்றப்போ அவர் பையில இறுக்கிப் பிடிச்சது அந்தக் கொத்தைத்தான்."

"கேட்டிருக்கலாமே அண்ணா?"

"நீ கேளு. வாரத்துல நாலு நாள் உன்னுது. பேசி முடிச்சாச்சு."

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா, யோசித்தாளா என்று வாலுவுக்குத் தெரியவில்லை. பஸ் குலுங்கலில் எழுத்து கோணலாக விழுந்தாலும், இரண்டு கட்டத்துக்கும் கீழே அடிக்கோடு போட்டுக் கூட்டி எழுதினாள்.

*குறை: பத்தொன்பது.*
*பாராட்டு: ஒன்று (வாய் தவறியது, செல்லும்).*
*பார்க்க வேண்டிய இடம்: எட்டு. பார்த்தது: ஏழு.*
*பாக்கி: ஒரு வீடு.*